போதுமான: ஒரு பெயரெச்சத்தின் கதை

முதியோர் இல்லம் என்ற தலைப்பில் கவிதை எழுதாத தமிழ்க் கவிஞர் யாராவது உண்டா என்று நண்பர் ஒருவரைக் கேட்டேன். சற்று யோசித்துத் தன் பெயரையே சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள், கல்லூரி ஆண்டு மலரில் ஒன்று எழுதியதை ஒப்புக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன, நானும் எழுதியிருக்கிறேன். வகைமாதிரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கார் வந்து நிற்கும். டிரங்குப் பெட்டி இறங்கும். மகன் தலை குனிவான், மருமகள் காரைவிட்டு இறங்கமாட்டாள். தாய் கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வாள். அதில் மகனுக்கு ஆசீர்வாதம் இருக்கும், வாசகனுக்குச் சுருக்கென்று தைக்கும். கதை கேட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடும்.

இந்தக் கதையாடலுக்கு முதியோர் இல்லம் தேவைப்படுவதெல்லாம் மகனின் குற்றத்தை எழுதிக்காட்டும் ஒரு பலகையாகத்தான். உள்ளே எத்தனை கட்டில், இரவில் யார் இருக்கிறார்கள், மூத்திரத்தை யார் துடைக்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டாத விவரங்கள். இதில் ஓர் அரசியல் இருக்கிறது. இல்லம் என்பதே பாவம் என்று ஆனபிறகு நல்ல இல்லம், மோசமான இல்லம் என்று பிரித்துப் பேசுவது ஏதோ ஆபாசம்போல் ஆகிவிடுகிறது. நரகத்துக்கு யாராவது தர நிர்ணயம் கேட்பார்களா? குடும்பத்தின் புனிதத்தைக் கேள்வி கேட்டு எழுதிக் கிழித்த நம் சிறுபத்திரிகைக்காரர்களும் இந்த இடத்தில் வந்து வார இதழ்க் கதைக்காரரோடு கைகோத்துக்கொள்கிறோம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைக்க ஒரு காரணம் இருந்தது.

என் பெரியம்மா தன் கடைசிப் பதினான்கு மாதங்களைக் கோவைக்கு வெளியே ஓர் இல்லத்தில் கழித்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே கதையில் வரும் மகனும் இல்லை. பெரியப்பா இறந்து, இவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, என் அம்மாவால் தூக்கி உட்காரவைக்க முடியாமல் போனபோது மாதக் கட்டணம் கட்டிச் சேர்த்தோம். சேர்த்தவன் நான். நல்ல இல்லமாகப் பார்த்துத்தான் சேர்த்தேன். சறுக்குப்பாதை இருந்தது, சுவரெல்லாம் கைப்பிடி இருந்தது, லிப்ட் இருந்தது, வடிகட்டிய குடிநீர் இருந்தது. துண்டறிக்கையில் 'தாய்மடி' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் போவேன். "சாமி, வந்துட்டயா" என்பார். பக்கத்துக் கட்டில் அம்மாள் எனக்கும் சேர்த்து ஒரு பிஸ்கட் எடுத்து வைத்திருப்பார்.

ஐந்தாவது மாதத்தில் பெரியம்மாவின் வாலெலும்புமேல் ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பு வந்தது. ஏழாவது மாதம் அது உள்ளங்கையளவு புண். படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் அழுந்தி, ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் கல்வியின் பாலபாடம். மேலாளரைக் கேட்டேன். அவர் வாதாடவில்லை. பதிவேட்டை எடுத்து என்முன் வைத்தார்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சுவடிப் பதிப்பு, பாடபேதம் என்று இரண்டு பருவம் படித்ததில் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஒவ்வோர் இரவுக்கும் ஐந்து கட்டங்கள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு சரிக்குறி. ஐந்து குறிகளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். கை எடுக்காமல் இழுத்தது போல் ஒன்றின் வால் அடுத்ததின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எட்டு மணி நேர இடைவெளியில் போடப்பட்ட குறிகள் அப்படி இருக்காது. அது எட்டு நொடியில் எழுதப்பட்ட பிரதி. குறிப்புப் பத்தியில் தினமும் ஒரே வாக்கியம்: 'இரவு நன்றாக உறங்கினார்.'

பொய் சொல்கிறார்கள் என்று எரிச்சலோடு இரவுப் பணி ஆயாவைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். பக்கத்துக் காலனியிலிருந்து வருபவர்.

"ஏனுங்க்கா, ராத்திரி பெரியம்மாவைத் திருப்பிப் போடறதே இல்லீங்களா?"

"தம்பி, எனக்கு ரெண்டு கைதானுங்க. எந்திரிக்க மாட்டாதவிங்க மட்டும் பதினோரு பேரு. நீங்க படிச்சவிங்க, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். இல்லத்தில் இருந்தவர்கள் 28 பேர். அதில் படுத்த படுக்கை 11. ஒருவரைப் புரட்டி, நனைந்திருந்தால் துடைத்து, துணி மாற்றி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுக்கப் பழகிய கைக்கே பத்து நிமிடம் ஆகிறது. (பிறகு இரண்டு இரவு அங்கே தங்கி நான் முயன்றேன். எனக்குப் பதினைந்துக்கு மேல் ஆனது, பெரியம்மா வலியில் கத்தினார்.) பதினோரு பேர், ஐந்து தடவை, ஐம்பத்தைந்து முறை புரட்டல். 550 நிமிடம். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். இரவுப் பணி எட்டிலிருந்து எட்டுவரை. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் மிச்சமுள்ள பதினேழு பேரைக் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும், விழுந்தவரைத் தூக்க வேண்டும், விடிவதற்குள் எல்லோர் முகமும் கழுவிவிட்டு டீ கொடுக்க வேண்டும். இரவு முழுக்க இருப்பது ஓர் ஆள். பகலில் இரண்டு ஆயா, எட்டு மணி நேரம் ஒரு நர்ஸ். எல்லாக் கைகளின் நேரத்தையும் கூட்டி 28ஆல் வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 94 நிமிடம். பெருக்கித் துடைப்பதும் துணி துவைப்பதும் அதற்குள்தான்.

ஆக, அந்தச் சரிக்குறிகள் பொய் என்று சொல்வது பாதி வாசிப்பு. செய்யவே முடியாத ஒரு வேலையைச் செய்ததாக எழுதும்படி ஒரு பெண் பணிக்கப்பட்டிருக்கிறார். அந்தப் பதிவேடு என் பெரியம்மாவைப் பற்றியது அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. யாராவது ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்காக, என்னைப் போன்றவன் கேள்வி கேட்டால் வைப்பதற்காக எழுதப்படும் பிரதி அது. வாசகர் யார் என்பதுதான் பிரதியைத் தீர்மானிக்கிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிவந்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

டிமோதி டயமண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1980களில் செவிலியர் உதவியாளராகப் பயிற்சி பெற்று, சிகாகோவின் முதியோர் இல்லங்களில் அந்த வேலையையே பார்த்தார். 1992இல் அதைப் புத்தகமாக எழுதினார். 'மேக்கிங் கிரே கோல்ட்' என்று பெயர். நரையிலிருந்து தங்கம் எடுப்பது. அவரோடு வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களும், கரீபியன் தீவுகளிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் குடியேறியவர்களும். அந்தத் தொழிலில் ஒரு சொலவடை உண்டு: பதிவில் ஏறாதது நடக்கவில்லை. குளிப்பாட்டியது பதிவாகும். குளிக்க மறுத்த கிழவியிடம் அவள் ஊர்க்கதையைக் கேட்டுக் கேட்டுச் சம்மதிக்கவைத்த அரை மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது. டயமண்ட் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டார். நான் பார்த்தது அதன் மறுபக்கம். பதிவில் ஏறியது நடந்ததாகிவிடுகிறது.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். சட்டத்தை நாம் பிரதியாக வாசிப்பதில்லை. வாசித்தால் இலக்கியத்தைவிடச் சுவாரசியமாக இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. மொத்தம் 32 பிரிவுகள். அதில் நான்கு முதல் பதினெட்டு வரை, பதினைந்து பிரிவுகள், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறுவது பற்றி. பிறகு, கவனிப்பேன் என்று சொல்லி எழுதி வாங்கிய சொத்தைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று 23ஆம் பிரிவு. முதியவரைக் கைவிட்டுப் போனால் மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 24. முதியோர் இல்லத்துக்கு? ஒரே ஒரு பிரிவு. 19. கார் வந்து நிற்கும் கதையை எழுதியவர்தான் இந்தச் சட்டத்தையும் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. சட்டமும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறது, மகனைப் பார்த்துக்கொண்டு. (பெற்றவர் மகனிடமிருந்து சோறு வாங்க அந்தப் பதினைந்து பிரிவுகளும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை.)

19ஆம் பிரிவு சொல்வது: மாநில அரசு முதியோர் இல்லங்களை நிறுவலாம், மாவட்டத்துக்கு ஒன்றேனும் எனத் தொடங்கி, வறியவர் குறைந்தது 150 பேர் தங்கும்படி. உட்பிரிவு 2: இல்லங்களின் நிர்வாகத்துக்கு, மருத்துவக் கவனிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் தேவையான தரங்களையும் சேவைகளையும் சேர்த்து, அரசு ஒரு திட்டம் வகுக்கலாம். நிறுவலாம், வகுக்கலாம். இந்த 'லாம்' நமக்கு அனுமதியையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். மழை வரலாம். அரசு இல்லம் அமைக்கலாம்.

சட்டத்தையொட்டி மத்திய அரசு மாதிரி விதிகள் தயாரித்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. வறியோர் இல்லங்களுக்கென்று மாதிரி விதிகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதுதான் நம்மிடம் உள்ள தர நிர்ணயத்தின் மூலபாடம். படுக்கையறையில் தலைக்கு 7.5 சதுர மீட்டர். சமையலறை, கூடம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 12 சதுர மீட்டர், தாழ்வாரம் நீங்கலாக. சறுக்குப்பாதை, கைப்பிடி, தேவையான இடத்தில் லிப்ட். அளக்க வேண்டியதைத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். அதன்பிறகு 'போதுமான' தொடங்குகிறது. போதுமான தண்ணீர், போதுமான எண்ணிக்கையில் கழிப்பறை, போதுமான புத்தகங்கள், போதுமான துணிமணி, துப்புரவுக்குப் போதுமான ஏற்பாடு. அவசரத்துக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையோடும், பாதுகாப்புக்குக் காவல் நிலையத்தோடும் ஏற்பாடு. அங்கே தங்குபவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'இன்மேட்' என்ற சொல். சிறைக்கும் அதே சொல்தான்.

தரைக்கு மீட்டர் கணக்கு இருக்கிறது. கைக்குக் கணக்கு இல்லை. எத்தனை பேருக்கு ஓர் ஆயா, இரவில் எத்தனை பேர், நர்ஸ் எத்தனை மணி நேரம் என்ற எண் அந்த அட்டவணையில் வருவதே இல்லை. துப்புரவு 'ஏற்பாடு' ஆகிவிட்டது. ஏற்பாட்டைச் செய்பவருக்கு எழுவாய்கூடத் தரப்படவில்லை. அவர் யார் என்று இந்த ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறர் மலத்தை அள்ளும் வேலைக்கு யாரை எழுவாயாக்கிப் பழகியிருக்கிறோம், அந்த எழுவாயை எப்போதும் எப்படி மறைத்துப் பழகியிருக்கிறோம்! அந்த இல்லத்தின் மூன்று ஆயாக்களும் ஒரே காலனி. சமையல்காரர் வேறு தெரு. துண்டறிக்கையில் இரண்டாவது தகவல் பெருமையோடு இருந்தது, முதலாவது இல்லை.

இந்த அட்டவணையும் வறியோர் இல்லத்துக்கு எழுதப்பட்டது. பணம் கட்டிச் சேரும் தனியார் இல்லங்களையும் கட்டாயப் பதிவுக்குள், குறைந்தபட்சத் தரத்துக்குள் கொண்டுவர 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, 2021 ஜனவரியில் அறிக்கை வந்தது, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. அப்போது எனக்கு அப்படியொரு மசோதா இருந்ததே தெரியாது.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவம் இங்கே முடிந்திருந்தது. 'போதுமான' என்பது அரசு தப்பித்துக்கொள்ளும் பொந்து, அந்தப் பெயரெச்சத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் எண் போடு என்பது வாதம். (எச்சம் என்றால் தமிழில் பிள்ளைகள் என்றும் பொருள் உண்டு, சட்டம் முழுக்க எச்சங்களைப் பற்றியே பேசுகிறது என்று ஒரு சிலேடை வேறு செய்திருந்தேன்.) அதை உடைத்தது ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. ஜான் பிரெய்த்வைட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆண்டுகள் ஆய்வாளர்களோடு இல்லம் இல்லமாகப் போய் ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விதிகள், எல்லாம் துல்லியம். ஆஸ்திரேலியாவில் 1987இல் கொண்டுவந்தவை வெறும் 31 தரங்கள், எல்லாம் பொதுப்படையானவை, வீட்டுச் சூழல் இருக்கிறதா, தன்மானம் காக்கப்படுகிறதா என்கிற மாதிரி. வெவ்வேறு ஆய்வாளர்கள் ஒரே இல்லத்துக்கு ஒரே மதிப்பீட்டைத் தந்தது ஆஸ்திரேலியாவில்தான். ஐந்நூறு கட்டங்களை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பத்துக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்கர்கள் வெளியேறினார்கள். 31 வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து, அங்கே வாழ்பவர்களோடு பேசி, ஊழியர்களோடு பேசி, தங்களுக்குள் விவாதித்து முடிவுக்கு வந்தார்கள். கட்டங்களை நிரப்புவதே நோக்கமாகிவிடும் நிலைக்குப் பிரெய்த்வைட் 'சடங்குத்தனம்' என்று பெயர் வைக்கிறார். என் பதிவேட்டின் ஐந்து சரிக்குறிகளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

ஆக, சொல் பொதுப்படையாக இருப்பது தன்னளவில் குற்றம் இல்லை. 'போதுமா?' என்பது நல்ல கேள்விதான், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து. பந்தியில் பரிமாறுகிறவர் உண்பவரைப் பார்த்துக் கேட்பது அது. நம் அட்டவணையில் அந்தச் சொல் கட்டுநரைப் பார்த்துக் கேட்கிறது.

ஆனால் கைக்கணக்கு மட்டும் விதிவிலக்கு என்று நினைக்கிறேன். அதற்கு 'போதுமான' போதாது. அமெரிக்க வரலாறே சாட்சி. அங்கே 1987இல் முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. உரிமைகள், தனித்தனி மதிப்பீடு, கட்டிப்போடத் தடை என்று பலதும் வந்தன. ஊழியர் எண்ணிக்கைக்கு மட்டும், பதிவுபெற்ற நர்ஸ் நாளைக்கு எட்டு மணி நேரம் என்று ஒரு வரி, மற்றபடி 'போதுமான' என்ற அதே பொருளில் ஒரு சொல். இரண்டு கண்டங்கள், இரண்டு மொழிகள், கைகளைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் ஒரே சொல்! 2001இல் அங்கே அரசே செய்வித்த ஆய்வு, தலைக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரத்துக்குக் கீழே போனால் தீங்கு கூடும் என்று கண்டது. அதாவது 246 நிமிடம். அதை விதியாக்க இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனபோது 3.48 மணியாகச் சுருங்கியிருந்தது. 2024 மே மாதம் வந்த அந்த விதியை 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலையில் நாடாளுமன்றம் தன் பங்குக்கு அதை நடைமுறைப்படுத்துவதை 2034வரை தள்ளிவைத்தது. ஆள் கிடைக்க மாட்டார்கள், இல்லங்கள் மூடப்படும் என்பது முதலாளிகளின் வாதம். அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம்.

முடியாத காரியமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2019இல் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. தலைப்பு ஒரே சொல்: 'புறக்கணிப்பு'. 31 தரங்களின் நாட்டிலும் அந்த நிலைதான் வந்திருந்தது. அதன்பின் 2023 அக்டோபரில் தலைக்குச் சராசரி 200 நிமிடக் கவனிப்பு கட்டாயமானது, அடுத்த அக்டோபரில் 215. அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸினுடையதாக இருக்க வேண்டும். நம் 94ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணக்கார நாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவரலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் அழுகுவதற்கு ஆகும் நேரம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

கோட்பாட்டு நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. நான் இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியபோது ஃபூக்கோ உடனே வந்துவிட்டார். தர நிர்ணயம் என்பது கண்காணிப்பு, பதிவேடு என்பது உடலை ஒழுங்குக்குள் கொண்டுவரும் தொழில்நுட்பம், நீ அதிகாரத்தைக் கூட்டச் சொல்கிறாய் என்றார் ஒருவர். கோஃப்மன் 1961இல் எழுதிய காப்பகங்கள் பற்றிய நூலையும் நினைவூட்டினார். படித்திருக்கிறேன். அவற்றின்மீது எனக்கு மரியாதை உண்டு. இல்லத்தில் ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இட்லி வரும்போதும், பெரியம்மாவின் தாலிக்கொடியையும் கைப்பையையும் 'பாதுகாப்பாக' வாங்கி வைத்தபோதும் கோஃப்மன் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு என் பெரியம்மாவை யாரும் கண்காணிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கேமரா இருந்தது. அதைப் பார்க்கக் கண் இல்லை. பார்த்தாலும் போய்த் தூக்கக் கை இல்லை. கைவிடுதலும் அதிகாரத்தின் ஒரு வடிவம்தான். அது பதிவேட்டில் சரிக்குறியாகத் தோற்றமளிக்கும்.

'பாதுகாப்பு' என்ற சொல்லையும் கொஞ்சம் தொட்டுவிடுகிறேன். எட்டாவது மாதம் பெரியம்மாவின் இடது மணிக்கட்டு பழைய புடவைக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "பாதுகாப்புக்குத்தானுங்க, விழுந்துட்டா ஆரு தூக்கறது" என்றார் பகல் ஆயா. விழுந்தால் தூக்கக் கை இல்லை, ஆகவே விழாமல் இருக்கக் கயிறு. கைக்குப் பதிலாகக் கயிறு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று எரிந்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அந்தச் சங்கிலிக்கும் 'பாதுகாப்பு' என்றுதான் பெயர் இருந்தது. அமெரிக்க இல்லங்களில் 1980களின் முடிவில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் கட்டப்பட்டிருந்தார்கள். 1987 சட்டத்துக்குப்பின் கயிறு எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதால் குறைந்தது. அது பெரிய வெற்றி, மறுக்க மாட்டேன். ஆனால் கைகள் கூடவில்லையே! கயிற்றின் வேலையை மாத்திரை எடுத்துக்கொண்டது. மனநோய் மருந்துகளை எண்ணத் தொடங்கினார்கள். ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர் அந்தக் கணக்கில் சேர மாட்டார் என்பதால், வாழ்நாளில் அந்த நோயின் சுவடே இல்லாத கிழவர்களுக்கு எண்பது வயதில் அந்தப் பெயர் எழுதப்பட்டதை 2021இல் பத்திரிகைகள் வெளியே கொண்டுவந்தன. கயிறு, மாத்திரை, நோயின் பெயர். எண்ணுகிறவர் ஒவ்வொரு படி வரும்போதும் அது அடுத்த படிக்கு நகர்ந்துகொண்டது.

இதிலிருந்து எண்ணுவதே வீண் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. எதை எண்ணுவது, எந்தப் பிரதியிலிருந்து எண்ணுவது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 2008இலிருந்து இல்லங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள், ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோல் ஒன்று முதல் ஐந்து. ஊழியர் எண்ணிக்கையை இல்லங்களே சொல்லின, சொன்னதை நம்பினார்கள். 2016இல் சம்பளப் பட்டியலைக் கேட்டார்கள். 2018இல் பத்திரிகையாளர்கள் அதை வைத்துப் பார்த்தபோது பல இல்லங்களில் சொல்லிவந்ததைவிட ஆட்கள் குறைவு, சனி ஞாயிறுகளில் இன்னும் குறைவு. (எங்கள் இல்லத்தில் ஞாயிறுதான் ஆள் அதிகம். பார்க்க வருகிறவர்கள் அன்றுதான் வருவோம். அமெரிக்கரைவிட நம்மவர் கெட்டிக்காரர்.) பதிவேடு ஆய்வாளருக்காக எழுதப்படுகிறது. சம்பளப் பட்டியல் முதலாளி தனக்காக எழுதிக்கொள்வது. தனக்காக எழுதும்போது யாரும் அவ்வளவு தாராளமாகப் புனைவதில்லை.

நம் ஊரில் அந்தப் பட்டியலே பாதி இருக்காது, சம்பளம் கவரில் வரும் என்பது தெரியும். அதனால்தான் முதலில் அதைக் கேட்கச் சொல்கிறேன். ஒரு இல்லத்தின் தரத்தைப் பார்க்கப் போகிறவர், ஆயாக்களின் பெயர்ப்பட்டியல், வருங்கால வைப்பு நிதி எண், இரவுப் பணி அட்டவணை மூன்றையும் கேட்கட்டும். தரை அளக்கும் டேப் அப்புறம். முதியோர் உரிமை பேசும் அமைப்புகள் ஒரு பக்கம், வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்கள் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இயங்குகின்றன. பெரியம்மாவின் முதுகும் அந்த ஆயாவின் இடுப்பும் ஒரே கணக்கில் வருகிறவை என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு காப்பகத்திலிருந்தவர்களை அதிகாரிகள் வெளியேற்றி வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். அப்போது நான் படித்த செய்திகளெல்லாம் சுவர் அடுக்குகளில் வைத்த பிணங்களைப் பற்றி. உயிரோடிருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரை இரவில் தொட்டுத் தூக்கியவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. எங்களுக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கதை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து, அடுத்தமுறை கேட்டைத் தாண்டி உள்ளே போய் இரவுப் பணியிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்ல ஆசை. இலக்கியத்துக்கு உத்தரவு போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஆயாவைப் பாத்திரமாக்கினால் உடனே தியாகியாக்கிவிடுவார்களே என்ற பயமும் இருக்கிறது. அவர் தியாகி இல்லை. சிடுசிடுப்பார். ஒருமுறை பெரியம்மாவைக் கிள்ளியதை நானே பார்த்தேன். பெரியம்மா செத்த அன்று குளிப்பாட்டியதும் அவர்தான். புண்ணின்மேல் பஞ்சு வைத்து, மேலே புடவை சரியாக வரும்படி இரண்டு தடவை கட்டிப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து, பெரியம்மாவின் தகரப் பெட்டி ஒன்று அங்கேயே தங்கிவிட்டது என்று எடுக்கப் போனேன். அந்த அக்காவைக் காணோம். நூல் மில்லுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மில்லில் ஷிப்ட் எட்டு மணி நேரம், பி.எஃப். பிடிக்கிறார்களாம். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பதிவேடு மேசைமேல் திறந்தே கிடந்தது. முந்தைய இரவுக்கு ஐந்து சரிக்குறிகள் இருந்தன.